மூன்றாவது பொட்டலமும் கிரேக்கச் சாமிகளும்

என் தம்பி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அதை நான் அன்றைக்கே பார்த்தேன். ஆனால் பார்த்ததை உடனே சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்பாவின் கருமாதி முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுப்போனது வாழைப்பழ வியாபாரம். பெரிய மார்க்கெட்டில் முகப்பிலேயே ஒரு கடை. மேற்கே இருக்கும் ஊர்களுக்குப் போய்த் தார் ஏற்றி வரும் டெம்போ. பச்சைத் தாரைப் புகை போட்டுப் பழுக்க வைக்கும் குடோன். இவை அண்ணனுக்கும் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒன்று என்பதில் தகராறு இல்லை. எது யாருக்கு என்பதில்தான் தகராறு. அண்ணனும் தம்பியும் கடையைக் கேட்டார்கள். நானும் கடையைத்தான் கேட்டேன், ஆனால் மனதுக்குள்.

கடைசியில் எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மன் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைச் சாமந்தி வந்தால் கடை. சிவப்புச் சாமந்தி டெம்போ. மஞ்சள் குடோன். ஒவ்வொரு பூவையும் வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து, நாரால் கட்டி, ஒரே மாதிரியான பொட்டலங்களாக அம்மன் முன்னால் வைக்க வேண்டும். கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. பங்கு இல்லாதவர்தான் கட்டவேண்டும். பங்குள்ளவன் கை பட்டால் அதில் சூது புகுந்துவிடும் என்பார்கள். அதனால் அக்காவிடம் கொடுத்தோம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவள் அவள். அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. சன்னதிக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்து, பூசாரியின் தட்டில் வைத்தாள்.

பூசாரி தட்டை ஒரு துணியால் மூடிக் குலுக்கினார். வயது வரிசைப்படி எடுக்கச் சொன்னார். அண்ணன் எடுத்துப் பிரித்தார். சிவப்பு. நான் எடுத்துப் பிரித்தேன். மஞ்சள். தம்பி மிச்சமிருந்ததை எடுத்தான். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"பிரிப்பா" என்றார் பூசாரி.

"மிச்சம் வெள்ளதான சாமி. அம்மன் குடுத்தத எதுக்குப் பிரிச்சிப் பாக்கணும்? அப்படியே கடையில கட்டிடறேன்" என்றான் தம்பி.

எல்லோரும் அது பக்தி என்று தலையாட்டினார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றினார். மறுநாள் கடையில் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், அந்தப் பொட்டலம் மஞ்சள் துணிக்குள் தொங்கியது.

எனக்குக் குடோன் வந்ததில் ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்த என்னை அப்பா அங்கேதான் போட்டார். கடையில் நிறுத்திப் பார்த்தார், நான் தேறவில்லை. யாராவது விலை கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பெண்கள் கேட்டால் தாரைப் பார்த்துப் பதில் சொல்வேன். குடோனில் அந்தத் தொல்லை இல்லை. சன்னல் இல்லாத அறை. தார்களை அடுக்கி, தகரத்தில் வரட்டியும் சருகும் போட்டுப் புகைய விட்டு, கதவை இறுக்கி மூடிவிட வேண்டும். திறக்கும்போது பச்சை எல்லாம் மஞ்சளாகி இருக்கும். என் வேலை முழுக்க இருட்டில் நடக்கும். அம்மனுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தக் கதையைக் கேட்கும்வரை.

என் மகள் செல்போனில் கதை சொல்லும் சேனல் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வாழைப்பால் பட்ட கையால் போனை அடிக்கடி தொடமுடியாது. அதனால் காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஒரு கதை முடிந்து அடுத்தது தானாக வரும்படி விட்டுவிடுவேன். ஒரு பெண் குரல். ராஜா ராணிக் கதைகள் தீர்ந்துபோய் ஒருநாள் அந்தக் குரல் கிரேக்க நாட்டுச் சாமிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. குரோனஸ், ஜீயஸ், ஹேடஸ் என்று என்னவோ. நான் அப்பன் சாமி, கடைக்குட்டிச் சாமி, பாதாளச் சாமி என்று வைத்துக்கொண்டேன்.

அப்பன் சாமி தன் அப்பனை அரிவாளால் வெட்டிவிட்டு ஆட்சிக்கு வந்தவன். நீ செய்ததை உன் பிள்ளை உனக்குச் செய்வான் என்று அவனுக்கு ஒரு வாக்கு. அந்தப் பயத்தில், பிறக்கிற பிள்ளைகளை எல்லாம் விழுங்கிவிடுகிறான். கொல்லவில்லை, விழுங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறான். அவர்கள் உள்ளேயே வளர்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் தாத்தாவைக் கடையிலிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்தவர்தான். மார்க்கெட்டில் பழைய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. கல்லாச் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கமாட்டார். குளிக்கும்போதுகூட அரைஞாணில் கட்டியிருப்பார். அண்ணன் வியாபாரிகளிடம் சிரித்துப் பேசினால் அன்றைக்கே அவரை டெம்போவுக்கு அனுப்பிவிடுவார். எங்களுக்குத் தலை நரைக்கும்வரை கைச்செலவுக்கு அவரிடம்தான் நின்றோம். நாங்களும் உள்ளேயே வளர்ந்தவர்கள்தான்.

அது போகட்டும். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்து வந்தது. கடைசிப் பிள்ளை பிறந்ததும் தாய் அதை ஒளித்துவிட்டு, ஒரு கல்லைத் துணியில் சுற்றி, இதுதான் குழந்தை என்று அப்பன் சாமியிடம் கொடுக்கிறாள். அவன் துணியோடு விழுங்கிவிடுகிறான்.

பிரித்துப் பார்க்கவில்லை.

நான் பூவன் தார் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு சாமி. உலகத்தையே ஆள்கிறவன். யாரையும் நம்பாதவன். அவன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள், அதை அவன் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் மேற்கொண்டு கதையே இல்லை.

அன்றைக்குப் புகை போடும்போது யோசித்தேன். தட்டில் இருந்தது மூன்று பொட்டலம். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், கண்ணால் பார்த்தோம். மூன்றாவதில் வெள்ளைதான் இருந்தது என்று யார் பார்த்தது? அதிலும் மஞ்சள் இருந்திருந்தால்? சிவப்பு இருந்திருந்தால்? அப்போது தட்டில் கடையே இல்லை. நானும் அண்ணனும் எதை எடுத்திருந்தாலும் கடை வந்திருக்காது. கடைசியாக எடுப்பவன் மட்டும் பிரிக்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் வந்த கதையில் அந்தச் சந்தேகம் இன்னும் முற்றியது. கடைக்குட்டிச் சாமி வளர்ந்து வந்து, அப்பனைக் கக்க வைத்து, உடன்பிறந்தவர்களை வெளியே எடுக்கிறான். சண்டை போட்டு அப்பனை இறக்குகிறார்கள். பிறகு அண்ணன் தம்பி மூன்று பேரும் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவனுக்குக் கடல். ஒருவனுக்குப் பாதாளம். கடைக்குட்டிக்கு ஆகாயம்.

போனைத் துடைத்து, கதையைப் பின்னால் தள்ளி, மறுபடி கேட்டேன். குலுக்கிப் போட்டார்கள் என்று மட்டும்தான் அந்தக் குரல் சொன்னது. யார் குலுக்கியது, எதில் குலுக்கியது, பக்கத்தில் யார் இருந்தது என்று எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். தாண்டிப் போகிற இடத்தில்தான் எப்போதும் ஏதாவது இருக்கும்.

அதற்குப் பிறகு தம்பி என்ன செய்தாலும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான். முன்னால் எந்தப் பொங்கலுக்கு எடுத்தான்? அக்கா வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடி எத்தனையோ காலம் ஆகிறது. அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காதவன், இப்போது ஆற்றுப்பாலம் தாண்டி அரியாங்குப்பத்துக்குப் பழச்சீப்போடு போகிறான். பத்திரம் பதிந்துவிடலாம், பதிந்துவிடலாம் என்று அவசரப்படுத்துகிறான். நான் கடைக்குச் சரக்கு கொண்டுபோனால் முன்பு உட்காரச் சொல்வான். இப்போது எழுந்து கல்லாவுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறான். நான் மேலே தொங்குவதைப் பார்க்கிறேனா என்று பார்க்கிறான். நான் பார்க்காதது போலப் பார்ப்பேன்.

பாதாளச் சாமிக்கு ஒரு குல்லா உண்டாம். போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அந்தக் கதையில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

ஒரு நாள் மத்தியானம் குடோன் கதவைத் தட்டாமல் தம்பி உள்ளே வந்துவிட்டான். கதையில் ஏதோ ஒரு இடத்தில் நான் என்னையறியாமல் "அடப்பாவி" என்று சொல்லியிருக்கிறேன்.

"யாருகிட்டண்ணா பேசினு இருந்த?"

"யாருகிட்டயும் இல்லடா. கத கேட்டுக்கினு இருந்தேன்."

"இன்னா கத?"

"சாமி கத."

"எந்தச் சாமி?"

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "வெளிநாட்டுச் சாமி" என்றேன்.

அவன் என் காதில் இருந்த வயரைப் பார்த்தான். பிறகு மூலையில் யாராவது இருக்கிறார்களா என்பது போல அறையைப் பார்த்தான்.

"கதவ மூடிக்கினு, காதுல வயர மாட்டிக்கினு, வெளிநாட்டுச் சாமி கத. என்னை இன்னா கேனைன்னு நெனச்சியாண்ணா? ஒனக்கு யாரோ ஓதறாங்க. யாருன்னு சொல்லு."

"யாரும் ஓதல."

"அப்ப பத்திரத்துக்கு நாள் குறிச்சா ஏன் ஒண்ணும் சொல்லாம நிக்கிற?"

"நான் எப்பவுமே ஒண்ணும் சொல்லாமதான்டா நிப்பேன்."

அது உண்மை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் நம்பவில்லை. போகும்போது ஒரு ரஸ்தாளிச் சீப்பை அழுத்திப் பார்த்து, "இன்னும் காய்" என்று குற்றம் போலச் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டொரு நாளில் அது வேறு உருவம் எடுத்திருந்தது. அண்ணன் தாரை இறக்கிவிட்டு, டெம்போவை நிழலில் போட்டு, என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார். அவர் டீ வாங்கித் தந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"வக்கீல் வச்சிருக்கியாமே?" என்றார்.

"யார் சொன்னா?"

"சின்னவன்தான் சொன்னான். தெனம் போன்ல பேசறியாம். பொம்பள வக்கீலாம். கொரல் வெளிய கேட்டுச்சாம்."

"அது கத சொல்ற பொம்பளண்ணா."

அண்ணன் டீயை ஆற்றினார். "டேய், எங்கிட்ட மறைக்காத. நீ அவனுக்கு எதிரா ஏதாச்சும் செய்யறன்னா நான் கூட இருக்கேன். எனக்கு மட்டும் டெம்போ இனிக்குதா? இடுப்பு போச்சு. நாம ரெண்டு பேரும் சேந்தா அவன் இன்னா பண்ணுவான்?"

எனக்கு அந்தச் சாமிகளின் இன்னொரு கதை ஞாபகம் வந்தது. முந்தின நாள்தான் அந்தக் கதை வந்திருந்தது. கடைக்குட்டிச் சாமியின் அதிகாரம் பொறுக்காமல், கடல் சாமியும் இன்னும் சிலரும் சேர்ந்து அவனைக் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். கட்டியும் விடுகிறார்கள். ஆனால் அடுத்து யார் என்று அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதற்குள் நூறு கை உள்ள ஒருவன் வந்து அவிழ்த்துவிடுகிறான். கட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணன் உண்மையிலேயே என்னோடு சேர வந்தாரா, தம்பி அனுப்பி வந்தாரா என்று எனக்குப் புரியவில்லை. டெம்போவும் கடையும் நெருக்கம். குடோன்தான் தனி. "பாப்போம்ணா" என்று சொல்லி டீயைக் குடித்தேன். அதுவே ஏதோ சம்மதம் போல அவர் என் முதுகைத் தட்டினார். அதுவும் சந்தேகமாக இருந்தது.

இப்படியே பத்திரம் பதியும் நாள் நெருங்கியது. பத்திரம் எழுதுகிறவரை அண்ணன், அப்பாவைப் போலவே, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சொல்லால் நொத்தேர் என்றுதான் சொல்வார். நொத்தேர் மூன்று பாகத்துக்கும் எழுதிவிட்டார், ஆனால் அக்காவும் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று சொன்னார். தனக்குப் பங்கு வேண்டாம் என்று ஒரு விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கம் எல்லாக் குடும்பத்திலும் பெண்கள் போடுவதுதான். போட்டதும் ஒரு பட்டுச்சேலை வாங்கித் தருவார்கள், ஓட்டலில் சாப்பாடு நடக்கும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. நாங்களும் பேசவில்லை.

பதிவுக்கு முந்தின வாரம் அக்கா குடோனுக்கு வந்தாள். அவள் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் பழம் வேண்டுமாம். புகை இல்லாத பக்கம் ஒரு சாக்கைப் போட்டு உட்கார வைத்தேன். அக்காவோடு இருக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்காது. அவள் என் காது வயரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதான் அந்தப் பொம்பள வக்கீலா? எங்க, நானும் கேக்கறேன்."

ஒரு முனையை அவள் காதில் வைத்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு எடுத்துவிட்டாள். "நீயே சொல்லு. அது ரொம்ப ராகம் போடுது."

சொன்னேன். விழுங்கினது, கல், கக்கினது, சண்டை எல்லாம் சொன்னேன். குலுக்கிப் போட்ட இடத்தில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தேன். சேலை வாங்கிக் கட்டியவள் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை.

"அப்பன் எத்தினி பிள்ளைய முழுங்கினான்?" என்று கேட்டாள்.

"அஞ்சு. ஆறாவதுதான் கல்லு."

"குலுக்கினது மூணு பேருதான?"

"மீதி மூணும் பொண்ணுங்கக்கா."

"அதுங்களும் வயித்துக்குள்ளதான இருந்துச்சி?"

"ஆமா."

"அதுங்களுக்கு இன்னா குடுத்தாங்க?"

நான் யோசித்தேன். அந்தக் குரல் வேறொரு நாள் சொல்லியிருந்தது. "மூத்தவ அடுப்பு நெருப்புக்குச் சாமி. அடுத்தவ வெள்ளாமைக்குச் சாமி. மூணாமத்தவள கடைக்குட்டியே கட்டிக்கினான். அவ கல்யாணத்துக்குச் சாமி."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "அடுப்பு, வயக்காடு, கல்யாணம்! எவ்வளவு கரெக்டா பாகம் பிரிச்சிருக்கானுங்க பாரு. வெளிநாட்டுக்காரன்னாலும் நம்ம ஆளுங்கடா."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. "அக்கா, மூணாவது பொட்டலத்துல இன்னா வச்ச?"

அவள் பழச்சீப்புகளைப் பையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். "இத்தினி நாள் கழிச்சி இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பத்திர ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி கடையாண்ட வரேன். எல்லாரும் இருங்க. அங்க பிரிங்க."

தம்பி ஏமாற்றினான் என்பது ஏறக்குறைய உறுதி என்று நினைத்தேன். அக்கா அவனுக்கு உடந்தை, இப்போது மனசு கேட்கவில்லை, சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படியானால் மறுபடி பூக்கட்டிப் போடுவார்கள். கடை எனக்கு வந்தாலும் வரலாம். முகப்பில் உட்கார்ந்திருக்கிற என்னை நானே நினைத்துப் பார்த்தேன். நினைப்பிலும் தாரைப் பார்த்துத்தான் விலை சொன்னேன். இருந்தாலும் வேண்டும் என்றுதான் இருந்தது. இருட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏமாற்றி இருட்டில் வைத்தால் அது பிடிக்கவில்லை.

பதிவு நாளன்று காலையில் மார்க்கெட்டில் கூட்டம். தம்பி வேட்டி சட்டையில் இருந்தான். அண்ணன் டெம்போவை வாசலில் போட்டுவிட்டு வந்தார். அக்கா வந்து கல்லாவுக்கு எதிரில் நின்று, "எறக்கு" என்றாள்.

"எதக்கா?"

"மேல தொங்குதே, அத."

தம்பி பொட்டலத்துக்குக் குறுக்கே வந்து நின்றான். நேராக என்னைப் பார்த்தான். "இது உன் வேலதான? வக்கீலு சொல்லிக் குடுத்தாளா?"

அண்ணனே எட்டி அவிழ்த்தார். மஞ்சள் துணியை எடுத்து, காய்ந்து சுருண்ட இலையைத் தராசுத் தட்டில் வைத்துப் பிரித்தார். நார் பொடிந்தது. இலை இரண்டாக உடைந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெள்ளை இல்லை, மஞ்சள் இல்லை, காய்ந்த இதழ் ஒன்றுகூட இல்லை. வெறும் இலை.

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள், என்னைத் தவிர.

"பூவ எடுத்துட்டான்" என்று தம்பி என்னைக் காட்டினான். "நான் சாப்பிடப் போனப்ப சரக்கு கொண்டாந்தான்ல, அப்ப எடுத்துட்டான்!"

"அவன் எதுக்குடா எடுக்கப் போறான்? உள்ள வேற நெறம் இருந்துச்சி, நீதான் எடுத்து வீசிட்ட" என்றார் அண்ணன்.

"நான் வீசறதா இருந்தா வெள்ளப்பூ ஒண்ண வாங்கி வச்சிருக்க மாட்டேனா? பூக்கட எதுத்தாப்லதான இருக்குது!"

இது நியாயமாகப் பட்டது. அப்படியானால் யார்? அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே.

"நான்தான்டா வைக்கல" என்றாள் அக்கா.

"நீ சும்மாயிருக்கா" என்றான் தம்பி. "இவன காப்பாத்தாத."

"யாரையும் காப்பாத்தல. செவப்ப ஒண்ணுல வச்சேன், மஞ்சள ஒண்ணுல வச்சேன். மூணாவத வெறும் எலையா கட்டினேன். வெள்ளப்பூவ எடுத்துத் தலையில வச்சிக்கினேன். அதோடதான் உங்க எதுர நின்னேன், கற்பூரம் காட்டறப்ப."

அண்ணன் தலையை ஆட்டினார். "அக்கா, பெரியவ நீ. சின்னவனுக்காகப் பழிய உம்மேல போட்டுக்காத."

நான்கூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. தராசுத் தட்டைக் கையால் தட்டினாள். இலைத் தூள் பறந்தது. "டேய், நீங்க மூணு பேரும் ஒருத்தன ஒருத்தன் மாசக்கணக்கா வேவு பாக்கறீங்க. இவன் அவன் மேல, அவன் இவன் மேல. நானே சொல்றேன், அப்பவும் நம்ப மாட்றீங்க. என்னை ஒருத்தனாச்சும் சந்தேகப்பட்டீங்களாடா? அந்த அளவுக்குக் கூடவாடா என்னை ஒரு ஆளா நெனைக்கல?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாராச்சும் பிரிப்பீங்க, ஏன் காலின்னு கேப்பீங்க, அப்ப இந்தக் கட எனக்கும் பங்குன்னு சொல்லலாம்னு நின்னேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "இவன் பிரிக்கல. மத்தவனும் கேக்கல. அம்மனே வாய அடச்சிட்டான்னு நெனச்சி வீட்டுக்குப் போயிட்டேன். பெரியவன் டவுசர் போட்டுக்கினு திரிஞ்சப்ப இந்தப் பலகையில நான் ஒக்காந்து ஏவாரம் பண்ணேன், ஞாபகம் இருக்குதா? வயசுக்கு வந்ததும் எறக்கிட்டார் அப்பா. நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

அன்றைக்குப் பதிவு நடக்கவில்லை. நொத்தேருக்கு அண்ணன் போன் செய்து சொல்லிவிட்டார்.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "சரி, நாலு பொட்டலமா கட்டி மறுபடி போட்டுடலாம்" என்றான்.

"நாலாவதுக்கு இன்னா இருக்குது? இருக்கறதே மூணுதான" என்றார் அண்ணன். "அதுவும் யாரு கட்டறது?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பங்கு இல்லாதவர்தான் கட்டவேண்டும். இப்போது எங்களில் பங்கு இல்லாதவர் யாரும் இல்லை. அண்ணியைக் கட்டச் சொல்லலாம் என்றால் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி மனைவி என்றால் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். பூசாரி என்று பேச்சு வந்தது. அவர் வாராவாரம் யார் கடையில் பழம் வாங்குகிறார் என்று அக்கா கேட்டாள். எதிர்க்கடைப் பூக்காரர் தானே முன்வந்து, "நான் கட்டித் தரவா?" என்றார். நான்கு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

அந்தக் குரல் இன்னொரு நாள் சொன்னது ஒன்று ஞாபகம் வந்து, நான் பேசினேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. தாரைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அவங்க எல்லாத்தையும் குலுக்கிப் போடல. ஆகாசம், கடல், பாதாளம் மூணத்தான் போட்டாங்க. பூமியப் போடல. பூமியும், அவங்க ஒக்கார்ற மலையும் எல்லாருக்கும் பொதுன்னு விட்டுட்டாங்க."

"யாரு?" என்றான் தம்பி.

"கிரேக்கச் சாமிங்க."

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். "அப்ப நெசமாவே கததான் கேட்டுக்கினு இருந்தியா?"

"ஆமாடா."

"நம்ம சாமிங்க பத்தலன்னு கிரேக்கத்துலேர்ந்து வேற" என்றார் அண்ணன். ஆனால் யோசித்தார். தம்பியும் யோசித்தான். அவனிடம் அப்போது வேறு வழி இல்லை, தராசில் வெறும் இலை கிடந்தது.

"பொதுன்னு விட்டாங்களே, அப்புறம் சண்ட வரலியா?" என்று தம்பி கேட்டான்.

"வந்துச்சி" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "வந்துக்கினேதான் இருந்துச்சி."

பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. எழுதும்போது கடை நான்கு பேருக்கும் பொது என்று எழுதுவதாகப் பேச்சு. பேச்சுதான். தம்பி வேறொரு நொத்தேரைப் பார்த்ததாக அண்ணன் சொல்கிறார். அண்ணன்தான் பார்த்தார் என்று தம்பி சொல்கிறான். ஆனால் காலை வியாபாரம் அக்காவுக்கு என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. அதை அவள் யாரையும் கேட்டு முடிவு செய்யவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் தார் கொண்டு போனபோது அவள் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு ஓட்டல்காரரிடம், "அழுத்தாம பாருங்க, ஒங்க கன்னமா அது?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கல்லாச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள். எதிர் டீக்கடையில் தம்பி நின்றிருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவன் கண் அந்த முந்தானையில் இருந்தது. வெளியே அண்ணன் டெம்போவை வழக்கமான இடத்தில் விடாமல், கடை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தார். நான் தாரை இறக்கிவிட்டுப் போகாமல் தூணோரம் நின்றேன். கொடுத்த பழத்துக்கும் வாங்கிய காசுக்கும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்கா நிமிர்ந்தாள். டீக்கடையைப் பார்த்தாள், டெம்போவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அடுத்த ஆளுக்கு விலை சொன்னாள்.